சட்டிக்கு எவ்வளவு மீன் வேண்டும்? – வாசகர் கேள்வி பதில்

நண்பர்கள் ஐவர் தூத்துக்குடியிலிருந்து நாட்டுப்படகில் சென்று, கடலடிப் பாறைத் திட்டான பார் ஒன்றின் ஓரத்தில் நங்கூரமிட்டுத் தூண்டில் போட்டு, பிடித்த விளமீனை அன்றைக்கே சமைத்து உண்ட அனுபவத்தைச் சென்ற இதழில் ஒரு பக்கக் கட்டுரையாக எழுதியிருந்தேன். அதைப் படித்தவர்கள் அனுப்பிய கேள்விகளில் பல ஒன்றையொன்று ஒத்திருந்ததால், அவற்றைச் சேர்த்தும் சுருக்கியும் இங்கே விடையளிக்கிறேன்.

மதுரை வாசகர்: நாங்கள் ஆறு நண்பர்கள். யாருக்கும் கடல் பழக்கமில்லை. எந்த மாதத்தில், எந்த ஊரிலிருந்து புறப்படுவது நல்லது?

மன்னார் வளைகுடாவும் பாக் விரிகுடாவும் அடுத்தடுத்து இருந்தாலும், காற்றைப் பொறுத்தவரை அவை இரண்டு வெவ்வேறு கடல்கள். மே மாதக் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்று, கடற்கரையில் கச்சான் எனப்படுவது, தூத்துக்குடிக் கடலைப் புரட்டியெடுக்கும். ஆடிக்காற்றில் அங்கே சிறு படகில் போய்த் தூண்டில் போட நினைப்பது வீண் துணிச்சல். அதே நாள்களில் இராமேசுவரத்துக்கு வடக்கே பாக் விரிகுடா ஓரளவு அடங்கிக் கிடக்கும். ஐப்பசிக்குப் பிறகு வாடைக்காற்று எழும்பிவிட்டால் நிலைமை தலைகீழாகிவிடும். புதியவர்களுக்கு நான் சொல்வது மாசியும் பங்குனியும்தான். அதாவது பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை. ஊரைக் கேட்டால் தூத்துக்குடி. இராமேசுவரத்துப் பக்கம் சர்வதேச எல்லைக்கோடு கச்சத்தீவுக்கு மேற்கே, கரைக்கு மிக நெருக்கமாகச் செல்கிறது. தொழில் செய்பவர்களுக்கே தலைவலியாக இருக்கும் அந்தக் கோட்டை, பொழுதுபோக்குக்காகப் போகிறவர்கள் நெருங்காமல் இருப்பதே நல்லது.

ஆண்டுதோறும் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். இது விசைப்படகுகளுக்கும் இழுவைப் படகுகளுக்கும் உரியது என்பதும், நாட்டுப்படகுகள் தடைக்காலத்திலும் கடலுக்குச் செல்கின்றன என்பதும் உண்மைதான். ஆனாலும் மீன்கள் முட்டையிடும் காலம் என்று சொல்லி ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் கரையில் அமர்த்தப்பட்டிருக்கும்போது, நாம் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு அவர்கள் கண்ணெதிரே படகேறுவது எனக்குச் சரியாகப் படவில்லை. குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் இந்தத் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை.

மீன்பிடிப் படகின் பதிவும் உரிமமும் மீன்பிடித் தொழிலுக்காகக் கொடுக்கப்பட்டவை. தொழிலில் இல்லாதவர்களை ஏற்றிச் செல்லலாமா, என்ன அனுமதி வேண்டும் என்பதை அந்த ஊர் மீன்வளத் துறை அலுவலகத்திலும், கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் காவல் நிலையத்திலும் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொருவரும் அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்காவாக இருப்பதால், வழியில் அழகான மணல்திட்டு ஒன்று தென்பட்டது என்று அனுமதியின்றி எந்தத் தீவிலும் இறங்கக்கூடாது. அந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் இப்போது நீருக்குள் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்காகவும் கட்டடங்களுக்காகவும் பவளப்பாறைகளை ஆண்டுக்கணக்கில் வெட்டியெடுத்ததற்கு அந்தத் தீவுகள் கொடுத்த விலை அது. நங்கூரத்தைப் பாரின் மேலேயே போட வேண்டாம், பக்கத்து மணலில் போடுங்கள் என்று நான் படகுக்காரரிடம் ஒவ்வொரு முறையும் சொல்வதற்கும் அதுவே காரணம்.

புறப்படும் நாளுக்கு முந்தைய இரவு வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கையையும், ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனத்தின் கடல்நிலை முன்னறிவிப்பையும் பார்த்துவிடுங்கள். காற்றே இல்லாத நாளிலும் கடல் எழும்பும். தெற்கே வெகு தொலைவில், இந்தியப் பெருங்கடலின் அடிமூலையில் எழுந்த புயலின் அலைகள் இரண்டு மூன்று நாள்கள் பயணம் செய்து இங்கே வந்து மோதுவதைத்தான் கள்ளக்கடல் என்கிறார்கள். 2024 மே மாதத்தில் குமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களின் உயிரைக் கொண்டுபோனது அத்தகைய அலைதான். அவர்கள் படகில்கூட ஏறியிருக்கவில்லை. அறிவிப்பு எப்படி இருந்தாலும், விடியற்காலை நான்கு மணிக்குக் கரையில் நின்று கடலைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இன்னைக்கு வேண்டாம்" என்று படகுக்காரர் சொன்னால், பேச்சுக்கு இடமில்லாமல் ஊர் திரும்பிவிட வேண்டும். கூடுதல் பணம் தருகிறோம் என்று அந்த நேரத்தில் அவரிடம் சொல்பவரோடு நான் இரண்டாம் முறை கடலுக்குச் செல்வதில்லை. ஆளுக்கொரு உயிர்காப்பு உடை கட்டாயம். கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக்கான 1093 ஆகிய எண்களைக் கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள்.

சேலம் வாசகர்: எனக்குப் பேருந்திலேயே வாந்தி வரும். கடல் மயக்கத்தை எப்படிச் சமாளிப்பது?

படகு ஓடும்போது பெரும்பாலோர் தப்பிவிடுவார்கள். நங்கூரமிட்டு நின்ற பிறகு, படகு இருந்த இடத்திலேயே பக்கவாட்டில் ஆடத் தொடங்கும்போதுதான் வயிறு புரளும். முந்தைய இரவு நன்றாகத் தூங்குங்கள். காலையில் வெறும் வயிற்றோடும் போகாதீர்கள், எண்ணெய்ப் பலகாரமும் வேண்டாம். இரண்டு இட்லி போதும். ஆட்டம் குறைவாக இருக்கும் படகின் நடுப்பகுதியில் அமர்ந்து, தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். குனிந்து தூண்டிலில் இரை கோப்பதையும் கைப்பேசியைப் பார்ப்பதையும் தவிர்த்துவிடுங்கள். மாத்திரை வேண்டுமானால் மருத்துவரைக் கேட்டு, புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே விழுங்க வேண்டும். மயக்கம் தொடங்கிய பிறகு விழுங்கும் மாத்திரை பெரும்பாலும் வாந்தியோடு வெளியே போய்விடும். அந்த மாத்திரைகள் தூக்கத்தை வரவழைப்பவை என்பதால் மதுவோடு சேரவே கூடாது. மதுவைப் படகில் ஏற்றுவதே கூடாது என்பது என் தனிப்பட்ட சட்டம்.

சென்னை வாசகர்: நீங்கள் சீலா மீனைப் புகழ்ந்து எழுதியிருந்தீர்கள். எங்கள் ஊரில் அது அவ்வளவு உயர்ந்த மீன் இல்லையே?

தூத்துக்குடியில் சீலா என்பது உங்கள் வஞ்சிரம். குமரியில் அதுவே நெய்மீன். சென்னையில் நீங்கள் சீலா என்று வாங்குவதைத் தூத்துக்குடிக்காரர் ஊளி என்பார். உங்கள் கானாங்கெளுத்தி ஓரிடத்தில் அயிலை, இன்னோரிடத்தில் கும்பளா. உங்கள் மத்தி தெற்கே சாளை. கரை நெடுகப் பெயர் மாறாமல் வரும் கிழங்கானை நான் இதனாலேயே மதிக்கிறேன்.

கோயம்புத்தூர் வாசகர்: நல்ல ராடும் ரீலும் வாங்காமல் போனால் ஏமாந்துவிடுவோம் என்று நண்பர் சொல்கிறார். உண்மையா?

நீங்கள் அந்தமானுக்குச் சென்று பெரும்பாறை மீனோடு மல்லுக்கட்டப் போகிறீர்கள் என்றால் உங்கள் நண்பர் சொல்வது சரி. அங்கே பாப்பிங், ஜிக்கிங் என்று செயற்கை இரையை வீசிப் பிடிக்கும் விளையாட்டுக்குக் கருவிதான் பாதி பலம். தூத்துக்குடிப் பார்களில், ஆறு முதல் பன்னிரண்டு பாகம் ஆழத்தில், விளமீனுக்கும் களவாவுக்கும் கைத்தூண்டிலே போதும். ஒரு பாகம் என்பது இரு கைகளையும் விரித்த அகலம், ஏறக்குறைய ஆறடி. மரக்கட்டையில் சுற்றிய நரம்பு எனப்படும் தூண்டில் இழை, அடியில் ஈயக்குண்டு, அதற்குச் சற்று மேலே கிளையாக இரண்டு முட்கள், இரையாகக் கணவாய்த் துண்டு அல்லது சாளைத் துண்டு, அவ்வளவுதான். ஈயம் தரையைத் தொட்டதும் நரம்பு தளர்வதைக் கை உணரும். உடனே ஒரு முழம் தூக்கி, ஆள்காட்டி விரலில் நரம்பைக் கிடத்திக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஓரா போன்ற மீன்கள் இரையைக் கொறிப்பது விரலில் சிறு நடுக்கமாகத் தெரியும். விளமீன் ஒரே வெட்டாக இழுக்கும். களவா வாயில் கவ்வியதும் பாறைப் பொந்துக்குள் ஓடப் பார்க்கும் என்பதால், முதல் இரண்டு பாகம் நரம்பைத் தயங்காமல் இழுத்துவிட வேண்டும், தயங்கினால் முள்ளும் ஈயமும் பாரில் சிக்கி அங்கேயே நின்றுவிடும். இந்த வேறுபாடுகளை விரல் கற்றுக்கொள்ளும் இன்பம் எந்த ராடிலும் எனக்குக் கிடைத்ததில்லை. பெரிய மீன் ஓடும்போது நரம்பைக் கையில் சுற்றிக்கொள்வது மட்டும் கூடவே கூடாது, விரலை வெட்டிவிடும். பருத்திக் கையுறையோ, பழைய சைக்கிள் டியூபில் வெட்டிய விரலுறையோ போட்டுக்கொள்ளுங்கள். அறுந்த நரம்பைக் கடலில் எறியாமல் கரைக்குக் கொண்டுவாருங்கள்.

திருச்சி வாசகர்: சென்ற மாதம் நாங்கள் பிடித்த நான்கு கிலோ பாறை மீனை அன்று மாலையே பொரித்தோம். அது ரப்பர்போல இருந்தது. சந்தையில் வாங்கும் மீன்கூட அதைவிட நன்றாக இருக்கிறது. அப்போதே பிடித்த மீன் எப்படிச் சுவையில்லாமல் போகும்?

வந்த கேள்விகளில் இதுதான் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. அப்போதே பிடித்த மீன்தான் சிறந்தது என்ற எண்ணம் பாதி உண்மையே. மீன் இறந்த சில மணி நேரத்தில் அதன் தசைகள் இறுகி, உடல் பலகைபோல விறைத்துவிடும். அந்த விறைப்பிலேயே வெட்டிச் சமைத்தால் சதை கடினமாகத்தான் இருக்கும். விறைப்பு விலகிய பிறகு சமைத்தால் சதை உறுதியாகவும் சாறோடும் இருக்கும். நீங்கள் காலையில் பிடித்து மாலையில் பொரித்தது, பெரும்பாலும் விறைப்பின் உச்சத்தில் இருந்த மீனாக இருக்கலாம். பனிக்கட்டியில் நன்றாக மூடி ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் மதியம் சமைத்திருந்தால், அதே பாறையைப் பற்றி வேறுவிதமாக எழுதியிருப்பீர்கள். கிழங்கான், விளமீன் குட்டி போன்ற சிறு மீன்களை விறைப்பதற்கு முன் படகிலேயே குழம்பில் போட்டுவிடலாம். சதை சற்றுக் குழைவாக இருந்தாலும் அந்தக் குழம்புக்கு அது பொருந்தும். பெரிய மீன்களுக்குப் பொறுமை வேண்டும்.

சந்தை மீன் உங்கள் மீனைவிட நன்றாக இருந்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கக்கூடும். மீன் படகில் விழுந்து வெகு நேரம் துள்ளித் துடித்துச் சாகுமானால், தசையிலுள்ள ஆற்றல் எல்லாம் தீர்ந்து, விறைப்பு விரைவாகவும் கடுமையாகவும் வரும். வெயில் அதை இன்னும் விரைவாக்கும். ஆகவே மீனைத் தூக்கியதும் மண்டையில் ஒரே அடியாக அடித்து உடனே கொன்றுவிட வேண்டும். அது மீனுக்குச் செய்யும் இரக்கமும்கூட. பிறகு செவுளுக்கு அடியில் வெட்டி, கடல்நீர் வாளியில் தலைகீழாகச் சில நிமிடங்கள் வைத்தால் இரத்தம் வடிந்துவிடும். சூரை, சீலா, பாறை ஆகிய மூன்றுக்கும் இது மிக அவசியம். வாடை குறைவதும் சதை வெளுப்பாக இருப்பதும் இதனால்தான். அதன்பின் பனிக்கட்டி. வெறும் பனிக்கட்டியின் மேல் மீனை அடுக்குவதைவிட, உடைத்த பனிக்கட்டியோடு கடல்நீர் சேர்த்துக் கூழாக்கி, அதில் மீனை முழுக அமிழ்த்தினால் மிக விரைவில் குளிர்ந்துவிடும். நம் வெயிலுக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ பனிக்கட்டி என்ற கணக்கைக் குறைக்காதீர்கள். துறைமுகத்துப் பனிக்கட்டி ஆலையில் ஒரு பாளத்தை உடைத்து வாங்கி, மூடியுள்ள பெட்டியில் ஏற்றுவதற்கு ஆகும் செலவு உங்கள் டீசல் செலவில் ஒரு சிறு துண்டு.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் அவ்வளவு பெருமைக்குரியதல்ல. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரை மாதத்தில், பிடித்த சூரைகளை ஈரச் சாக்கில் மூடிப் படகின் அணியத்தில் போட்டுவிட்டு, மாலை வரை மறந்துவிட்டேன். அன்றிரவு உண்டவர்களில் மூவருக்கு அரை மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, தலை இடித்து, உடலெங்கும் அரிப்பெடுத்தது. மீன் ஒவ்வாமை என்று நாங்கள் நினைத்தோம். மருத்துவர் வேறு விளக்கம் சொன்னார். சூரை, சீலா, கும்பளா போன்ற மீன்களின் சதையில் உள்ள ஒரு பொருளை, வெப்பத்தில் பெருகும் நுண்ணுயிர்கள் ஹிஸ்டமினாக மாற்றிவிடுகின்றன. ஒருமுறை உண்டாகிவிட்டால் எவ்வளவு கொதிக்கவைத்தாலும் பொரித்தாலும் அது போகாது. மீன் கெட்ட வாடை வீசவேண்டும் என்ற அவசியமும் இல்லை. எங்கள் சூரையில் எந்த வாடையும் இல்லை. என் மனைவி அந்தச் சட்டியை இன்றும் சூரைக்குத் தருவதில்லை.

திருநெல்வேலி வாசகர்: பிடித்ததையெல்லாம் கொண்டுவருவது தவறா? எவற்றை விட்டுவிட வேண்டும்?

நான் கணக்கைக் கடலில் தொடங்குவதில்லை, சட்டியில் தொடங்குகிறேன். முழு மீனில் தலையும் முள்ளும் குடலும் போக ஏறக்குறைய பாதிதான் உண்ணக் கிடைக்கும். ஆறு பேர் ஒருவேளை வயிறார உண்ண மூன்று கிலோ முழு மீன் போதும். வீட்டுக்கு ஆளுக்கு அரைக் கிலோ என்றால் இன்னொரு மூன்று. ஆக ஆறு கிலோ. அதற்கு மேல் கிடைப்பதெல்லாம் யாரோ ஒருவர் வீட்டுக் குளிர்பெட்டியின் அடித்தட்டில் மாதக்கணக்கில் கிடந்து, கடைசியில் பூனைக்குப் போகிறது. ஆறு கிலோ வந்ததும் நாங்கள் தூண்டிலைச் சுற்றிவிடுகிறோம். பெரும்பாலும் பத்து மணிக்குள் அது முடிந்துவிடுகிறது, சில நாள் முடியாமலும் போகிறது.

எந்த மீனை விடுவது என்பதில் வயதும் பாலும் வேடிக்கையாகப் புகுந்துகொள்கின்றன. களவா பெண்ணாகவே முதிர்ந்து, வளர்ந்த பிறகு அவற்றில் சில ஆணாக மாறுகின்றன. கொடுவா அதற்கு நேர்மாறு: முதலில் ஆணாக இருந்து, பிறகு பெண்ணாகிறது. எனவே பாரின் மிகப் பெரிய களவாவை நீங்கள் பெருமையாகத் தூக்கிப் படம் எடுத்துக்கொள்ளும்போது, அந்தப் பாருக்கு இருந்த சில ஆண்களில் ஒன்றைக் கொண்டுபோகிறீர்கள். முகத்துவாரத்துப் பெரிய கொடுவாவைத் தூக்கும்போது முட்டைக்காரியைக் கொண்டுபோகிறீர்கள். சின்னது இன்னும் முட்டையிட்டதில்லை என்பதால் விட வேண்டும், மிகப் பெரியது இந்தக் காரணத்தால் விட வேண்டும். நடுத்தர அளவே சட்டிக்கும் பொருத்தம், சுவைக்கும் பொருத்தம். சீலா ஏறக்குறைய 70 செ.மீ. நீளம் வந்த பிறகே முட்டையிடும் பருவத்தை அடைகிறது என்பதை நினைவில் வையுங்கள். பன்னிரண்டு பாகம் ஆழத்திலிருந்து வேகமாக இழுத்த மீனின் காற்றுப்பை ஊதி, இரைப்பை வாய்க்கு வந்துவிட்டிருந்தால், அப்படியே திரும்ப விட்டால் அது பெரும்பாலும் பிழைக்காது. அதை ஆறு கிலோவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சில உயிர்களை அளவு பார்க்காமல், உயிரோடு, உடனே விட வேண்டும். ஆமை, ஆவுளியா என்னும் கடற்பசு, ஓங்கில் என்னும் டால்பின், கடல் குதிரை, கடல் அட்டை ஆகியவையும் திமிங்கலச் சுறாவும், சுறா, திருக்கை இனங்களில் வேறு சிலவும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை. தெரியாமல் மாட்டியது என்பது கரையில் எடுபடாது. எது என்று தெரியாத திருக்கையைப் படகில் ஏற்றாமல், நரம்பை வாயருகே வெட்டிவிட்டு அனுப்புங்கள். உடலை ஊதிக்கொள்ளும் பேத்தை மீன் மாட்டினால் அதையும் அவ்வாறே அனுப்பிவிடுங்கள். அதன் நஞ்சு சமைத்தாலும் அழியாது, மாற்று மருந்தும் கிடையாது. "சுத்தம் செய்யத் தெரிந்தவர் எங்கள் ஊரில் இருக்கிறார்" என்று யாராவது சொன்னால், அவரோடு அன்று உண்ணாதீர்கள்.

விருதுநகர் வாசகி: நாங்கள் நான்கு தோழிகள். பெண்கள் படகேறக்கூடாது என்று சில ஊர்களில் சொல்கிறார்களாமே?

சில ஊர்களில் சொல்வார்கள். அப்படிச் சொல்பவரிடம் வாதிட்டு அவர் படகிலேயே ஏறுவதைவிட, சொல்லாதவரின் படகைத் தேடுவது எளிது. பாம்பன் பக்கத்துக் கிராமங்களில் பெண்கள் விடியற்காலையில் படகில் சென்று, கண்ணாடியைக் கட்டிக்கொண்டு, நீரில் மூழ்கிக் கடற்பாசி எடுத்தே தலைமுறை தலைமுறையாகக் குடும்பம் நடத்துகிறார்கள் என்பதை அவர்களுக்கு நினைவூட்டலாம். உங்களுக்கு உண்மையான சிக்கல் வேறு: நாட்டுப்படகில் கழிப்பறை கிடையாது. ஆகவே ஆறு மணி நேரத்துக்கு மேற்படாத பயணமாகவும், தார்ப்பாயால் மறைப்புக் கட்டத் தோதான சற்றே பெரிய வள்ளமாகவும் பேசி முடியுங்கள். தண்ணீர் குடிக்காமல் இருந்து சமாளிக்கலாம் என்று மட்டும் எண்ணாதீர்கள். கடல் வெயிலில் அது மயக்கத்தில் முடியும்.

பெங்களூரு வாசகர்: படகுக்கு வாடகை கொடுத்துவிட்டோம். பிடித்த மீன் முழுவதும் எங்களுக்குத்தானே? படகுக்காரர் பெரிய மீனை எடுத்துக்கொண்டார்.

புறப்படுவதற்கு முன் பேசாததுதான் குறை. மீனவர் தொழிலில் படகுக்கு, இயந்திரத்துக்கு, வலைக்கு, ஆளுக்கு என்று பங்கு உண்டு. அதற்கு அப்பால் ஒவ்வொருவரும் வீட்டுக்குக் கறிமீன் எடுத்துச் செல்வதும் வழக்கம். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர், தன் பாரை உங்களுக்குக் காட்டிக்கொடுத்தவர், கறிக்கு ஒரு மீன் எடுப்பதை உரிமையாகவே கருதுவார். அந்தப் பாரின் இடம் அவருக்கு எப்படிக் கிடைத்தது என்று நினைத்துப் பாருங்கள். கரையில் தெரியும் கோபுரமும் பனையும் புகைபோக்கியும் எந்தக் கோட்டில் ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன என்பதை அப்பா மகனுக்குச் சொல்லிக்கொடுத்த சொத்து அது; இப்போது ஜி.பி.எஸ். கருவியில் புள்ளியாகப் பதிந்து வைத்திருந்தாலும் சொத்து சொத்துதான். அந்தப் புள்ளியை உங்கள் கைப்பேசியில் இரகசியமாகக் குறித்துக்கொண்டு வருவது, என்னைப் பொறுத்தவரை, பெரிய மீனை எடுப்பதைவிட மோசமான செயல். அடுத்த முறை வாடகை இவ்வளவு, கறிமீன் இவ்வளவு என்று கரையிலேயே சொல்லிக்கொள்ளுங்கள். மிஞ்சிய மீனை ஏலக்கூடத்தில் விற்றுச் செலவை ஈடுகட்டலாமா என்று அதே கடிதத்தில் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், அது அவர்கள் பிழைப்பு.

ஈரோடு வாசகர்: மீன் முள் குத்தினால் என்ன செய்வது?

கெளிறு, ஓரா, திருக்கை ஆகியவற்றின் முள்ளில் நஞ்சு உண்டு. வலி உயிர்போவதுபோல இருக்கும். அந்த நஞ்சு வெப்பத்தில் சிதையக்கூடியது. ஆகவே புண்ணைக் கழுவி, தோல் வெந்துபோகாத அளவுக்குப் பொறுக்கக்கூடிய சூடான நீரில், ஏறக்குறைய 45 டிகிரி, குத்துப்பட்ட கையையோ காலையோ அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் அமிழ்த்தி வைக்க வேண்டும். சூட்டைக் குத்துப்படாத கையால் சோதித்துப் பாருங்கள். படகில் ஒரு பிளாஸ்க் வெந்நீர் ஏற்றச் சொல்வது காப்பிக்காக மட்டுமல்ல. முள் உள்ளே ஒடிந்திருந்தாலோ, திருக்கை ஆழமாகக் குத்தியிருந்தாலோ, கரைக்கு வந்ததும் மருத்துவமனை.

புதுச்சேரி வாசகர்: ஜப்பானியர்போலப் படகிலேயே பச்சையாக உண்ணலாமா?

கடல் மீனில் சிறு புழுக்கள் இருக்கக்கூடும். பச்சையாகப் பரிமாறும் மீனைப் பல நாடுகளில் நன்றாக உறையவைத்த பிறகே அனுமதிக்கிறார்கள். படகில் அது நடக்காது. எலுமிச்சைச் சாறு புழுவைக் கொல்லாது.

திண்டுக்கல் வாசகி: கட்டுரையில் விளமீன் குழம்பை ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டீர்கள். செய்முறை தரக்கூடாதா?

தருகிறேன், இது தூத்துக்குடியில் ஒரு வள்ளக்காரர் வீட்டு அம்மா எங்களுக்குச் செய்துகாட்டியது. ஒரு கிலோ விளமீனைத் தலையோடு துண்டாக்கி, கல்லுப்பும் மஞ்சளும் போட்டு உரசிக் கழுவுங்கள். அரை மூடித் தேங்காயைச் சீரகத்தோடும் நான்கு சின்ன வெங்காயத்தோடும் மைய அரைத்து வையுங்கள். மண்சட்டியில் எலுமிச்சை அளவுப் புளியைக் கரைத்து ஊற்றி, இரண்டு கரண்டி மல்லித்தூள், ஒன்றரைக் கரண்டி மிளகாய்த்தூள், மஞ்சள், கீறிய பச்சை மிளகாய், கையால் பிசைந்த இரண்டு தக்காளி, கறிவேப்பிலை, உப்பு எல்லாவற்றையும் பச்சையாகவே சேர்த்து அடுப்பில் ஏற்றுங்கள். பங்குனியில் என்றால் புளியைப் பாதியாக்கி, மாங்காய்த் துண்டுகளைப் போடலாம். விளமீனுக்கு மாங்காய் புளியைவிட நெருங்கிய உறவு. பச்சை வாடை போகக் கொதித்ததும் தேங்காய் விழுதைச் சேர்த்து, ஒரு கொதி வந்த பிறகு முதலில் தலையையும் இரண்டு நிமிடம் கழித்துத் துண்டுகளையும் இறக்குங்கள். அதற்குப் பிறகு கரண்டி உள்ளே போகக்கூடாது. சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்றினால் போதும். எட்டு நிமிடத்தில் இறக்கி, தேங்காய் எண்ணெயில் வெங்காயமும் வெந்தயமும் தாளித்துக் கொட்டி மூடிவிடுங்கள். ஒரு மணி நேரமாவது மூடியே இருக்கட்டும். எங்கள் நண்பர்களில் ஒருவரும் இதுவரை அந்த ஒரு மணி நேரம் காத்ததில்லை.

நாகர்கோவில் வாசகர்: இத்தனையும் செய்து ஒரு மீனும் கிடைக்காவிட்டால்?

எங்களுக்குப் பலமுறை அப்படி நடந்திருக்கிறது; நீவாடு என்னும் கடல் நீரோட்டம் கடுமையாக ஓடும் நாளில் ஈயம் தரையிலேயே நிற்காது. ஒருமுறை வெறுங்கையோடு வீடு திரும்ப வெட்கப்பட்டு, துறைமுக ஏலத்தில் இரண்டு கிலோவில் ஒரு சீலா வாங்கிச் சென்றேன். என் மனைவி அதைக் கழுவும்போது வாயைத் திறந்து பார்த்தார், பிறகு செவுளுக்குப் பின்னால் விரலால் தடவிப் பார்த்தார். வாயில் தூண்டில் முள் குத்திய தடம் இல்லை. கழுத்தைச் சுற்றி வலைக்கண் இறுக்கிய கோடு இருந்தது. "கிலோ என்ன விலைக்குப் போட்டாங்க?" என்று மட்டும் கேட்டார்.